ஹாஸ்டல் அறைக்கு லேப்டாப், கரன்ட், நெட்: வாங்குவதில் இருந்து இணைப்பது வரை

கவுன்சலிங் முடிந்து சீட் கிடைத்ததும் வீட்டில் ஒரு பட்டியல் போட ஆரம்பிப்பார்கள். பாய், பக்கெட், மக், பூட்டு என்று போகும் பட்டியல் லேப்டாப்பில் வந்து நிற்கும்போதுதான் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்பது பல வீடுகளில் நகையை வைத்து எடுக்கும் காசு. அது வீணாகிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் நான்கு வருடம் இருந்தேன். கடைசி இரண்டு வருடம் எங்கள் பிளாக்கின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் குழுவில் இருந்ததால், யார் அறையில் நெட் வரவில்லை என்றாலும் தட்டுவது என் கதவைத்தான். அப்படிப் போய்ப் பார்த்த அறைகளில் அதிகம் கஷ்டப்பட்டவர்கள், அறையையே பார்க்காமல் எல்லாவற்றையும் ஊரிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர்கள்தான். ரவுட்டர் வாங்கி வந்திருப்பார்கள், அதற்கு அனுமதி இருக்காது. மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கியிருப்பார்கள், பிளக் பாயின்ட் ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும். அதனால் நான் யாரிடமும் முதலில் சொல்வது இதுதான்: பாதியை இப்போது வாங்குங்கள், மீதியை அறைக்குப் போய் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதல் படி: காசை எடுக்கும் முன் விசாரியுங்கள்

அதே ஹாஸ்டலில் இருக்கும் சீனியர் ஒருவரைப் பிடியுங்கள். ஊர்க்காரர், பள்ளியில் இரண்டு வருடம் முன்னால் படித்தவர், யாராவது கிடைப்பார்கள். வார்டன் ஆபீஸில் கேட்டால் விதி தெரியும், சீனியரிடம் கேட்டால் நடைமுறை தெரியும், இரண்டுமே வேண்டும். அறையில் லேன் பாயின்ட் (கேபிள் செருகி நெட் எடுக்கும் சுவர் ஓட்டை) இருக்கிறதா, இருந்தால் உயிரோடு இருக்கிறதா? வைஃபைக்கு லாகின் பக்கம் வருமா அல்லது கருவியை முன்பே பதிவு செய்ய வேண்டுமா? ஒருவருக்கு எத்தனை கருவி அனுமதி? இரவு நெட்டை நிறுத்துவார்களா? ஆளுக்கு எத்தனை பிளக் பாயின்ட்? எந்தெந்தப் பொருளைச் சோதனையில் எடுத்துக்கொண்டு போவார்கள்? இதற்கெல்லாம் பத்து நிமிட போன் பேச்சு போதும். சில கல்லூரிகளில் முதலாம் ஆண்டுக்காரர்கள் அறையில் லேப்டாப் வைத்துக்கொள்ளவே விட மாட்டார்கள், அப்படியிருந்தால் அந்தப் பெரிய செலவை ஒரு வருடம் தள்ளிப்போடலாம்.

இரண்டாம் படி: லேப்டாப், உங்கள் டிபார்ட்மென்டுக்கு ஏற்றபடி

“நல்ல லேப்டாப் எது அண்ணா?” என்று கேட்கும் எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்பது, “என்ன டிபார்ட்மென்ட்?” என்பதுதான். மெக்கானிக்கல் படிக்கப் போகிறவருக்கு சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேர் வேண்டியிருக்கும், அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆர்க்கிடெக்சருக்குக் கட்டடம் வரையும் ரெவிட், அதுவும் விண்டோஸ் மட்டும்தான், கூடவே படம் ரெண்டர் செய்ய தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நிம்மதி. இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பிள்ளைகள் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு கெய்ல் என்ற சாஃப்ட்வேர் போடுவார்கள், எஃப்பிஜிஏ சிப்புக்கு விவாடோ போடுவார்கள், லேபில் வழக்கமாகப் பயன்படுத்தும் இந்த இரண்டுக்கும் ஆப்பிளின் மேக்கில் இடம் இல்லை. பி.காம் என்றால் கணக்கு எழுதும் டேலி, அதற்கும் விண்டோஸ்தான். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் ஆசைப்பட்டு மேக்புக் வாங்கிவிட்டு, லேப் வேலைக்கு ரூம்மேட்டின் லேப்டாப்பைக் கடன் கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. எது வாங்கினாலும் ஓடும், ஆனால் ரேம் நிறைய வேண்டும்.

இன்றைய நிலையில் 16 ஜிபி ரேம் (வேலை ஓடும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) என்று பாருங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால் 8 ஜிபியோடு வாங்கலாம், ஆனால் கடையில் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: பிறகு ரேம் சேர்க்க ஸ்லாட் இருக்கிறதா, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்களா? மெல்லிசான மாடல்கள் பலவற்றில் பற்றவைத்ததுதான் இருக்கும், அதில் வாங்கிய அன்று என்ன ரேமோ நான்கு வருடமும் அதேதான். பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் எஸ்எஸ்டியைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம், ஆகவே காசு குறைவாக இருந்தால் ரேமில் விட்டுக்கொடுக்காதீர்கள், எஸ்எஸ்டியில் விட்டுக்கொடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துவிட்டது. பழைய லேப்டாப் வாங்குவதானால் அது விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் பழசு வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே அரை மணி நேரம் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், எல்லா யுஎஸ்பி ஓட்டையிலும் பென்டிரைவ் செருகிப் பாருங்கள், சீரியல் எண்ணோடு பில் வாங்குங்கள்.

கேமிங் லேப்டாப் பற்றிக் கேட்பார்கள். வேகம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் லேப்டாப் இரண்டரை கிலோ, அதன் சார்ஜர் செங்கல் மாதிரி தனி கனம், பேட்டரியில் போட்டால் மதிய வகுப்பு முடிவதற்குள் தீர்ந்துவிடும். ஹாஸ்டலில் இருந்து டிபார்ட்மென்டுக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கும் கல்லூரிகள் நிறைய உண்டு. தினமும் தூக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அவசரமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் செமஸ்டரில் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், கூடவே கொஞ்சம் பைத்தான் அல்லது சி. அண்ணன் வைத்திருந்த பழைய லேப்டாப்பே இதற்குப் போதும். ஐடி கார்டு வந்த பிறகு வாங்கினால் மாணவர் விலை கிடைக்கும், கல்லூரி மெயில் ஐடி வந்த பிறகு மென்பொருளே இலவசமாகக் கிடைக்கும். ஆட்டோகேட், ரெவிட் செய்யும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்குக் காசு வாங்காமல் தருகிறது, ஜெட்பிரெயின்ஸும் அப்படியே. அதனால் யாராவது “எல்லா சாஃப்ட்வேரும் கிராக் போட்டுத் தருகிறேன்” என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வைரஸ் வரும் வழிகளில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவித்த திட்டத்தில் உங்களுக்கு அரசு லேப்டாப் கிடைக்குமா என்பதையும் கல்லூரி ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாம் படி: கரன்ட்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் தீ பிடிப்பதும் ஷாக் அடிப்பதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் வருவது 230 வோல்ட். அறையில் இருக்கும் சின்ன மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் 6 ஆம்பியர், அதாவது மொத்தமாக 1,380 வாட்ஸ்தான் தாங்கும். சாதாரண லேப்டாப் சார்ஜர் 65 வாட்ஸ், போன் சார்ஜர் 20, 30 வாட்ஸ். மூன்று பேர் லேப்டாப்பையும் போனையும் ஒன்றாகப் போட்டாலும் 300 வாட்ஸைத் தாண்டாது, ஆகவே ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் போடலாம், பயம் இல்லை. ஆனால் அதே பாக்ஸில் 1,500 வாட்ஸ் எலக்ட்ரிக் கெட்டிலைச் செருகினால் அது ஒன்றே அளவைத் தாண்டிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் 2,000 வாட்ஸ் வரை இழுக்கும். எம்சிபி (அளவு மீறினால் கரன்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) நல்லதாக இருந்தால் டப் என்று விழுந்து பிளாக்கே இருட்டாகும், வார்டன் வருவார், அவ்வளவுதான். எம்சிபி பழுதாக இருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் அப்போது விழ வேண்டியது விழாமல் ஒயர் சூடாகிக்கொண்டே இருக்கும். அந்த ஒயர் பெரும்பாலும் மெத்தைக்கு அடியில்தான் ஓடுகிறது. கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் தடை என்று ஹாஸ்டலில் எழுதி ஒட்டியிருப்பதற்கு இதுதான் காரணம், அதை மதியுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், தனி ஸ்விட்ச் பாருங்கள், பிளக்கில் மூன்று முள் இருக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தரம் ஓரளவு தெரியும், மலிவு பாக்ஸில் ஒயர் நூல் மாதிரி இருக்கும். சர்ஜ் பாதுகாப்பு (திடீரென எகிறும் வோல்டேஜில் இருந்து காப்பது) உள்ளதாக வாங்கினால் ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு உதவும். ஆனால் அதை நம்பி பெரிய இடியின்போதும் சார்ஜில் விட்டு வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி வைப்பதைவிட நல்ல பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகி ரயில் மாதிரி நீட்டுவது வேண்டவே வேண்டாம். இதனால்தான் பாக்ஸை அறை பார்த்த பிறகு, தூரத்தை அளந்து வாங்கச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். முதல் வருடம் என் ரூம்மேட்டின் லேப்டாப் உலோக உடம்புக்காரன். வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து சார்ஜ் போட்டுக்கொண்டே டைப் செய்யும்போது மணிக்கட்டில் எறும்பு ஊர்வது மாதிரி சுருசுரு என்று இருக்கும். கட்டிலில் ஏறி உட்கார்ந்தால் நின்றுவிடும். லேப்டாப்பில்தான் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு இரண்டு தடவை எடுத்துக்கொண்டு போனான், ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் ஹாஸ்டல் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்தார். மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வர வேண்டிய பச்சை ஒயர் அங்கே இல்லை. “எர்த்தே இழுக்கலப்பா இந்த ரூம்ல” என்றார். சார்ஜருக்குள் இருந்து கசியும் சின்ன அளவு கரன்ட் எர்த் வழியாகப் போக வேண்டியது, வழி இல்லாமல் லேப்டாப் உடம்புக்கு வந்து, அங்கிருந்து கை வழியாகத் தரைக்குப் போயிருக்கிறது. எர்த் இழுத்த அன்றே அது நின்றது. உங்களுக்கும் அப்படி இருந்தால் செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். இன்றைக்கு அது சுருசுருப்பு மட்டும்தான், ஆனால் எர்த் இல்லாத அறையில் நாளைக்கு வேறொரு பொருள் பழுதானால் உயிருக்கே ஆபத்து. மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள்ளாக்கிச் செருகும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதையும் செய்யாதீர்கள்.

சார்ஜர் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் லேப்டாப் டைப்-சி ஓட்டையில் சார்ஜ் ஏறும் என்றால் இரண்டு ஓட்டை உள்ள 65 வாட்ஸ் சார்ஜர் ஒன்று லேப்டாப்புக்கும் போனுக்கும் சேர்த்துப் போதும், ஒரு பிளக் பாயின்ட் மிச்சம். கேபிளையும் பார்த்து வாங்க வேண்டும், சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட்ஸ் வரைதான் கடத்தும், அதற்கு மேல் வேண்டுமென்றால் 100 வாட்ஸ் அல்லது 240 வாட்ஸ் என்று போட்ட கேபிள் கேளுங்கள். பவர் பேங்க், சார்ஜர் எல்லாவற்றிலும் ஆர் (R) என்ற எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுச் சரிபார்க்கலாம். கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள், ஒரு நிமிடம்தான் ஆகும்.

நான்காம் படி: வைஃபையில் நுழைவது

வீட்டு வைஃபைக்கு ஒரே பாஸ்வேர்டு. ஹாஸ்டலில் ஆயிரம் பேர் இருப்பதால் ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் பார்த்து உள்ளே விடுவார்கள். பொதுவாக மூன்று முறைகள், சில இடங்களில் இரண்டு கலந்து இருக்கும்.

முதலாவது, லாகின் பக்கம். வைஃபையில் சேர்ந்ததும் ஒரு பக்கம் திறந்து ரோல் நம்பரும் பாஸ்வேர்டும் கேட்கும். சைபரோம் என்ற பெயர் தமிழ்நாட்டு ஹாஸ்டல்களில் பல தலைமுறை மாணவர்களுக்குத் தெரியும். அந்த அகமதாபாத் நிறுவனத்தை 2014-இல் சோஃபோஸ் வாங்கியது, இப்போது பல இடங்களில் பக்கத்தின் மேல் சோஃபோஸ் என்று இருக்கும். இங்கே வரும் புகார்களில் பாதி, “பக்கமே திறக்க மாட்டேங்குது” என்பதுதான். அப்போது இந்த வரிசையில் பாருங்கள். போனில் விபிஎன் இருந்தால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கும், விளம்பரத்தைத் தடுக்க அதில் ஏதாவது முகவரி கொடுத்து வைத்திருப்பார்கள், அதை ஆஃப் செய்யுங்கள், லாகினுக்கு முன்னால் அந்த முகவரியை அடைய முடியாது என்பதால் எதுவுமே திறக்காது. லேப்டாப்பில் தேதியும் நேரமும் சரியா பாருங்கள், வருடம் தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் காலாவதி என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் நெவர் எஸ்எஸ்எல் (neverssl.com) என்ற தளத்தைத் திறந்து பாருங்கள். அது பூட்டு போடாத பழைய முறைத் தளம், லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட வசதியாக இருக்கும். சில கல்லூரிகளில் லாகின் ஆன பிறகு அந்த டேபை மூடினாலே இணைப்பு போய்விடும், அதை ஓரமாகத் திறந்தே வையுங்கள்.

இரண்டாவது, கருவிப் பதிவு. ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் மேக் (MAC) முகவரி என்று, ஆப்பிள் மேக்கோடு சம்பந்தமில்லாத, பன்னிரண்டு எழுத்து, எண் சேர்ந்த ஒன்று உண்டு, அதை ஃபார்மில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஆண்ட்ராய்டு 10-இல் இருந்தும் ஐபோனில் ஐஓஎஸ் 14-இல் இருந்தும் போன் தன் உண்மையான முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டும். வெளியில் இது நல்ல பாதுகாப்பு. ஆனால் ஃபார்மில் எழுதியது ஒன்று, போன் காட்டுவது இன்னொன்று என்று ஆகிவிட்டால் கதவு திறக்காது. ஹாஸ்டல் வைஃபையின் விவரப் பக்கத்துக்குப் போய், ஆண்ட்ராய்டில் ‘கருவியின் மேக் முகவரியைப் பயன்படுத்து’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஐபோனில் ‘தனிப்பட்ட வைஃபை முகவரி’ என்பதை நிறுத்துங்கள். அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் மாற்றினால் போதும், ரயில்வே ஸ்டேஷன் வைஃபைக்கெல்லாம் மறைத்தே இருக்கட்டும்.

மூன்றாவது, என்டர்பிரைஸ் முறை, அதாவது வைஃபையில் சேரும்போதே ஒவ்வொருவரிடமும் சொந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்பது. எடுரோம் (eduroam) என்ற பெயர் வைஃபை பட்டியலில் தெரிந்தால் அது இந்த வகை. ஐரோப்பாவில் தொடங்கிய எடுரோமை இந்தியாவில் மத்திய அரசின் கல்வி நெட்வொர்க் அமைப்பான எர்னெட் இந்தியா நடத்துகிறது. உங்கள் கல்லூரி இதில் சேர்ந்திருந்தால் வேறு ஊர், ஏன் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அங்கே எடுரோம் இருந்தால் அதே பாஸ்வேர்டில் நெட் தானாகவே ஏறும். அதற்கு யூசர்நேமில் ரோல் நம்பர் மட்டும் போதாது, மெயில் ஐடி மாதிரி அட் குறியும் கல்லூரியின் டொமைனும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிளம்பும் முன் சொந்த கேம்பஸிலேயே ஒரு தடவை சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் சேரும்போது பெரும்பாலான இடங்களில் முதல் பட்டியலில் பீப் (PEAP), அடுத்ததில் எம்எஸ்சாப் வி2 (MSCHAPv2) என்று தேர்ந்தெடுப்பீர்கள். சான்றிதழ் என்ற இடத்தில்தான் குழப்பம். பழைய போன்களில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று ஒரு வழி இருந்தது, புதிய ஆண்ட்ராய்டில் கூகுள் அதை எடுத்துவிட்டது. எடுத்தது நல்லதே. சரிபார்க்காமல் சேர்ந்தால், அதே பெயரில் யாராவது ஒரு போலி வைஃபை வைத்து உங்கள் பாஸ்வேர்டைப் பிடிக்க முடியும், அந்த பாஸ்வேர்டுதான் உங்கள் மார்க், ஃபீஸ், மெயில் எல்லாவற்றுக்கும். அதனால் கல்லூரி கொடுக்கும் சான்றிதழ் ஃபைலைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், டொமைன் பெயரைக் குறிப்பில் உள்ளபடியே டைப் செய்யுங்கள்.

சேர்ந்தாகிவிட்டது, ஆனால் வேகம் இல்லை என்றால்? வைஃபைப் பெட்டி பெரும்பாலும் வராந்தாவில் இருக்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், அதில் மொத்த பிளாக்கும் நெரிபடும். 5 ஜிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, ஆனால் ஒரு கான்கிரீட் சுவரைத் தாண்டினாலே தளர்ந்துவிடும். எதில் இருக்கிறீர்கள் என்பது வைஃபை விவரத்திலேயே தெரியும். இரும்பு பீரோ கதவுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றால் அதை நகர்த்துங்கள், இரும்பு அலையைத் தடுக்கும். எங்கள் அறையில் பீரோவை எதிர்ச் சுவருக்குத் தள்ளியதிலேயே வீடியோ நிற்காமல் ஓட ஆரம்பித்தது, ஒரு ரூபாய் செலவில்லை.

ஐந்தாம் படி: லேன் பாயின்ட் இருந்தால் விடாதீர்கள்

ஹாஸ்டலில் நல்ல நெட் வேண்டுமென்றால் என் முதல் சிபாரிசு கேபிள்தான். ஆன்லைன் டெஸ்ட், கம்பெனி இன்டர்வியூ என்று வரும்போது இதன் அருமை தெரியும். வைஃபையை வராந்தாவே பங்கு போட்டுக்கொள்ளும், கேபிள் உங்களுடையது. கேட் 5இ கேபிளே ஒரு ஜிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டுபோகும், அறைக்குள் ஓடும் ஐந்து மீட்டருக்கு அதைவிட உசத்தியாக எதுவும் தேவையில்லை. இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் லேன் ஓட்டை இருக்காது, யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்க வேண்டும். யுஎஸ்பி 3.0, ஜிகாபிட் என்று இரண்டும் போட்டிருக்கிறதா பாருங்கள், ரொம்ப மலிவானவை பல 100 மெகாபிட்டோடு நின்றுவிடும்.

செருகியதும் பாயின்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் அதே கேபிளை பக்கத்து அறையில் செருகிப் பாருங்கள். அங்கே எரிந்து இங்கே எரியாவிட்டால் பாயின்ட் செத்துவிட்டது, இதைச் சொல்லிப் புகார் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். விளக்கு எரிந்தும் நெட் இல்லை என்றால் செட்டிங்ஸில் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க வேண்டிய சர்வரில் இருந்து பதிலே வரவில்லை என்று அர்த்தம். மற்றவர்களுக்கெல்லாம் 10 என்று தொடங்கும் முகவரி வந்து உங்களுக்கு மட்டும் 192.168 என்று வந்தால், பக்கத்தில் எங்கேயோ யாரோ சொந்த ரவுட்டர் மாட்டியிருக்கிறார்கள்.

அந்த ரவுட்டர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாம் வருடம், மறுநாள் எல்லாருக்கும் ஆன்லைன் தேர்வு, முந்தின இரவு பதினோரு மணிக்கு எங்கள் தளம் முழுக்க நெட் போனது. கேபிளில் விளக்கு எரிகிறது, லாகின் பக்கம் வரவில்லை. வரிசையாக ஒவ்வொரு அறையிலும் ஐபி பார்த்தோம், பாதிப் பேருக்கு 192.168.0-வில் தொடங்கியது. அது கல்லூரி கொடுக்கும் முகவரியே இல்லை. ஒரு மணி நேரம் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்து, கடைசி அறையில் கண்டுபிடித்தோம்: முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் அன்றுதான் ஊரில் இருந்து ரவுட்டர் கொண்டுவந்திருந்தான். சுவரில் இருந்து வரும் கேபிளை, வெளி நெட் உள்ளே வருவதற்கான வான் (WAN) ஓட்டையில் செருகுவதற்குப் பதிலாக, பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் நான்கு லேன் ஓட்டைகளில் ஒன்றில் செருகிவிட்டான். அவ்வளவுதான், அந்தச் சின்னப் பெட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் தானே முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அவன் முகம் வெளுத்துப்போனது இன்னும் நினைவில் இருக்கிறது. வேண்டுமென்று செய்ததில்லை, யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்: அனுமதி இல்லாமல் ரவுட்டர் கொண்டுவராதீர்கள். அனுமதி உண்டு என்றால் சுவர்க் கேபிள் வான் ஓட்டைக்கு மட்டும், வேறு நிறத்தில் தனியாக இருக்கும் ஓட்டை பெரும்பாலும் அதுதான். பாஸ்வேர்டும் போட்டு வையுங்கள், உங்கள் ரவுட்டர் வழியாக யார் என்ன செய்தாலும் பதிவேட்டில் உங்கள் ரோல் நம்பர்தான் நிற்கும்.

ஆறாம் படி: எது சேராது

ஃபயர் டிவி ஸ்டிக், குரோம்காஸ்ட், எக்கோ ஸ்பீக்கர், பிளேஸ்டேஷன் எதற்கும் என்டர்பிரைஸ் முறை தெரியாது, அந்த வகை வைஃபையில் அவை சேராது. லாகின் பக்கம் உள்ள இடத்திலும் போனில் இருந்து டிவிக்கு காஸ்ட் செய்வதோ வைஃபை பிரின்டரில் அடிப்பதோ பெரும்பாலும் நடக்காது, ஏனென்றால் பாதுகாப்புக்காக ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்பார்கள். கிரிக்கெட் மேட்சைப் பெரிய திரையில் பார்க்க ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போதும். பிரின்டர் வாங்கவே வாங்காதீர்கள், கேட்டுக்கு வெளியே ஜெராக்ஸ் கடை இருக்கும்.

ஜெராக்ஸ் கடை என்றதும் ஒன்று. ஊரில் இருக்கும் அத்தனை பென்டிரைவும் போய்வரும் கம்ப்யூட்டர் அது. ரெக்கார்டு நோட்டும் புராஜெக்டும் வைத்திருக்கும் பென்டிரைவை அங்கே செருகினால் திரும்பி வரும்போது எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். பிடிஎஃபாக மாற்றி மெயிலில் அனுப்புங்கள், அல்லது பிரின்டுக்கென்றே ஒரு காலி பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்து எடுத்தீர்கள் என்றால் வெளியே வரும் முன் போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ போய் லாக் அவுட் செய்துவிடுங்கள்.

ஏழாம் படி: நெட் போகும் நாளுக்கு

மொபைல் டேட்டா கைகொடுக்கும். சிம் மாற்றும் முன் அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து எந்த கம்பெனி சிக்னல் எடுக்கிறது என்று பாருங்கள், மூன்று ரூம்மேட்டும் ஒரே கம்பெனியில் இல்லாமல் பிரித்து வைத்துக்கொண்டால் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று ஓடும். புயல் வந்தால் கதை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் கரன்டும் இல்லை, டவரும் இல்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பவர் பேங்கை முழு சார்ஜில் வையுங்கள், தேவையான நோட்ஸை லேப்டாப்பில் இறக்கி வையுங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் நல்ல அளவு, அட்டையில் உள்ள அளவு அப்படியே போனுக்குக் கிடைக்காது, மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் சரியான பொருள்தான்.

எட்டாம் படி: தொலையாமல், அழியாமல்

வாங்கிய அன்றே லேப்டாப் சீரியல் எண்ணையும், போனில் *#06# போட்டால் வரும் ஐஎம்இஐ எண்ணையும், பில்லையும் படம் எடுத்து வீட்டில் அம்மா போனுக்கு அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தால் முதலில் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள், பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த ஐஎம்இஐயை முடக்கலாம், எடுத்தவர் வேறு சிம் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது. கேட்டு வாங்கத் தயங்காதீர்கள், பதினெட்டு வயதுப் பிள்ளை தனியாகப் போய் நின்றாலும் புகார் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் கடமை.

ஹாஸ்டலில் திருட்டு பெரும்பாலும் குளிக்கப் போகும் பத்து நிமிடத்தில் நடக்கும். லேப்டாப்பை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகும் பழக்கத்தை முதல் நாளே ஆரம்பியுங்கள், ரூம்மேட்டைச் சந்தேகப்படுவதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஜன்னலையும் மூடுங்கள். சென்னை ஐஐடி மாதிரி மரம் அடர்ந்த கேம்பஸ்களில் குரங்கு உள்ளே வரும், அது பிஸ்கட் தேடி வந்தாலும் மேஜையில் இருப்பதெல்லாம் கீழே விழும்.

அப்புறம் பேக்கப். ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட் ஒரே லேப்டாப்பில் மட்டும் இருந்து, ரிவியூவுக்கு நான்கு நாள் முன்னால் எஸ்எஸ்டி போய், இரவு முழுக்க உட்கார்ந்து மறுபடி டைப் செய்த ஒரு அக்காவுக்கு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து உதவினோம். ஆளுக்கு ஒரு அத்தியாயம், பழைய பிரின்டைப் பார்த்து அடித்தோம், படங்களை மட்டும் மீட்க முடியவில்லை. கல்லூரி மெயிலோடு வரும் ஒன்டிரைவ் அல்லது கூகுள் டிரைவில் ஒரு பிரதி, வெளி ஹார்டு டிஸ்கில் இன்னொரு பிரதி வையுங்கள். அந்த டிஸ்கை லேப்டாப் பையிலேயே வைக்காதீர்கள், பை போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கடைசியாக, செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும் அன்று செய்ய வேண்டியது. எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள், லேன் கேபிளையும் சேர்த்துத்தான், இடி அந்த வழியாகவும் வரும். விட்டுவிட்டுப் போகும் பவர் பேங்கைப் பாதி சார்ஜில் வையுங்கள், முழுசாகவோ காலியாகவோ மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடும். லேப்டாப்பை அறையில் விடாமல் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், பஸ்ஸில் மேலே வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.